கொஞ்சம் உரசும்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவனைப் ‘பக்கி’ என்று சொல்லிவிட்டு அமைதியாக வீடு போய்ச் சேர முடியாது. பார்த்ததையெல்லாம் வேண்டும் என்று பறக்கிறவன், பந்தியில் அடுத்தவன் இலையையும் எட்டிப் பார்க்கிறவன், அவனுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்கே பெயர் பக்கி. ஆஃப்ரிகான்ஸ் மொழிச் சொல். டர்பனுக்கு வந்த முதல் வாரத்தில், “காலையில் உனக்கு ஒரு பக்கி வரும், ஏறிக்கொள்” என்று வேலையிடத்தில் சொன்னபோது சிரிப்பை அடக்க முடியாமல் இருமினேன். சிக்னலை ரோபோ என்பார்கள், டயரைச் செல்லமாக டக்கீஸ் என்பார்கள். எல்லாம் ஒரு வருடத்தில் பழகிவிட்டது. பக்கி மட்டும் இன்னும் எனக்குள் இரண்டு அர்த்தத்தோடுதான் ஒலிக்கிறது. இந்தக் கட்டுரையில் இரண்டு பக்கியும் வரும். ஒன்று வெள்ளை நிற டொயோட்டா ஹைலக்ஸ். இன்னொன்று நான்.

நாமக்கல்காரனுக்கு டயர் புதிய சமாச்சாரம் இல்லை. அப்பா லாரிப் பட்டறைகளுக்கு டயர் ரீட்ரெடிங், அதாவது தேய்ந்த டயருக்குப் புது ரப்பர்ப் பட்டன் ஒட்டும் வேலை, செய்துகொடுத்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ரப்பர் வேகும் நாற்றத்தில்தான் வீட்டுப்பாடம். பட்டன் தேய்ந்த டயர், மொட்டை டயர், உள்ளே கம்பி தெரியும் டயர் என்று தொட்டுப் பார்த்தே தரம் பிரிக்க எனக்குப் பத்து வயதில் தெரியும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் செய்த காரியத்துக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்ற சாக்கு கிடையாது.

நான் குடியிருப்பது டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில். வீட்டுக்காரர் ப்ராஸ்பெக்டனில் இருக்கும் டொயோட்டா தொழிற்சாலையில் வருடக்கணக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தென்னாப்பிரிக்காவில் ஓடும் ஹைலக்ஸ்கள் அங்கேதான், எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தூரத்துக்குள், உருவாகின்றன. அவருடைய முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலைப் பற்றி, நேற்று ஸ்டேஷனில் போய் அழைத்து வந்த விருந்தாளிகளைப் போலப் பேசுவார். தேவாரம் முழுப் பதிகம் பாடுவார், ஆனால் தமிழில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது. ஆங்கிலத்தில் பேசுவார், நடுநடுவே தம்பி, சாமி, ஐயோ வரும். முதலில் எல்லோரையும் போல அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். “நீ ஊரிலிருந்து வந்தவன், மாமா என்று சொல்லு, கேட்க நன்றாயிருக்கு” என்றார். அன்றிலிருந்து மாமா. கீழே அவர் பேசுவதெல்லாம் என் தமிழில்.

வண்டி வாங்கியது பழையதாகத்தான். 2.8 ஜிடி-6 டீசல் எஞ்சின், ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்கம். கூடவே வந்த டயர் 265/65ஆர்17. வண்டியில் ஒரு குறையும் இல்லை. குறை பக்கத்துத் தெருவில் இருந்தது. அங்கே ஒருவர் தன் பக்கிக்கு 33 அங்குல டக்கீஸ் போட்டு, சனிக்கிழமை தோறும் கழுவி, டயருக்குக் கறுப்பு பாலிஷ் தடவி நிறுத்துவார். அதைத் தாண்டி என் வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது, பெரிய செருப்பு போட்டவன் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்பது மாதிரி இருக்கும்.

மாமாவிடம் வேறு காரணம் சொன்னேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தைச் சொன்னேன். அந்த மழையில் இந்த ஊரில் நானூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். மாமா உழைத்த தொழிற்சாலையே தண்ணீருக்குள் நின்றது, மறுபடி வண்டி செய்து வெளியே அனுப்ப மாதக்கணக்கானது. “வண்டி கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லதுதானே மாமா?” அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “எவ்வளவு உயரும்?” என்றார். எனக்குக் கணக்கு தெரியும், ஆனால் அப்போது வாயைத் திறக்கவில்லை.

கணக்கு இதுதான். டயரின் பக்கவாட்டில் இருக்கும் 265 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அதுமட்டும் அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என்று மூன்றையும் கலந்து எழுத யாருக்குத் தோன்றியதோ! ஆக, பக்கச்சுவர் 172 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக இரண்டு, அதோடு ரிம் 432. மொத்த விட்டம் 776. எனக்கு ஆசை வந்த டயர் 285/70ஆர்17. அதே கணக்கில் 831. அதாவது 33 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, ஆனால் பேச்சில் எல்லோருக்கும் அது 33தான். வித்தியாசம் 55 மில்லிமீட்டர். வண்டி உயர்வது அதில் பாதி, ஏனென்றால் மீதிப் பாதி அச்சுக்கு மேலே போய்விடுகிறது. 27 மில்லிமீட்டர். ஒரு தீப்பெட்டியைப் படுக்கவைத்து அதன் மேல் இன்னொன்றை வைத்தால் வரும் உயரம். வெள்ளத்துக்கு நான் செய்யப்போன ஏற்பாடு இவ்வளவுதான்.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். ஆஃப்செட் குறைந்த மாக்ஸ் (அலாய்) ரிம்மும் சேர்த்துப் போட்டால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், தோற்றம் கம்பீரமாக இருக்கும் என்றார். நான்கும் போட்டாயிற்று. கடைத் தராசில் பழைய சக்கரத்தையும் புதியதையும் வைத்துப் பார்த்தேன், ஒன்றுக்கு எட்டுக் கிலோ கூடியிருந்தது. “உரசுமா?” என்று கேட்டேன். “கொஞ்சம் உரசும்” என்றார். அதை அவர் சொன்ன விதம், சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்பது போல இருந்தது.

நேரே கோயிலுக்குப் போய்ப் பூசை. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். பழைய டயராக இருந்தால் வண்டி நகர்ந்ததும் பழம் பட்டென்று நசுங்கும். இந்தக் கரடுமுரடான பட்டனின் இடைவெளிக்குள் ஒரு பழம் பாதி நசுங்கியபடி போய் உட்கார்ந்துகொண்டு ஒரு சுற்று சுற்றி மேலே வந்தது. ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. மாமா மட்டும் என் காதருகே, “உன் டயருக்குத் திருஷ்டியே பிடிக்காது போல” என்றார்.

சாட்ஸ்வொர்த் முழுக்க மேடும் பள்ளமும். எங்கள் வீட்டு வாசல், சரிவில் ஏறி இடதுபக்கம் முழுசாக ஒடித்துத்தான் உள்ளே போக வேண்டும். முதல் நாள் இரவே தெரிந்துவிட்டது. ஸ்டியரிங் முக்கால் பங்கு திரும்பியதும் முன் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து கர்ர்ர் என்று ஒரு சத்தம். வீட்டுக்குள் இருந்த மாமா டிவி சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது. ரிம்மின் ஆஃப்செட் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கிறது, அப்போது ஒடிக்கும்போது அது சுழலும் வட்டமும் பெரிதாகிறது. முன்னால் பம்பர் மூலை, பின்னால் மட்கார்டு பிளாஸ்டிக், இரண்டிலும் போய் முட்டும். உயரத்தால் வந்தது என்று நான் நினைத்த உரசலில் பாதி, உண்மையில் அந்தக் கம்பீரத்தால் வந்த உரசல். கடையில் மறுபடி போய் பிளாஸ்டிக்கை ஹீட் கன் வைத்து இளக்கிப் பின்னுக்குத் தள்ளி, மட்பிளாப்பைக் கழற்றி, அலைன்மென்ட் மாற்றி, ஒருவழியாக உரசல் சத்தம் பாதியானது. மட்பிளாப் இல்லாததால் தெறித்த கல்லில் கதவின் கீழ்ப்பக்கம் பெயின்ட் போனது தனிக்கதை.

அதெல்லாம் கூடப் பரவாயில்லை. எனக்குச் சுவாரசியமாக இருந்தது வண்டி பொய் சொல்ல ஆரம்பித்ததுதான்.

வண்டிக்குத் தூரம் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். பழைய டயரில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 410 சுற்று. புதியதில் 383 போதும். ஆனால் வண்டி இன்னும் 410 வந்தால்தான் ஒரு கிலோமீட்டர் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே நான் 642 கிலோமீட்டர் போயிருந்தால் மீட்டரில் 600 என்று ஏறும். முதல் மாதம் டீசல் கணக்குப் போட்டுப் பார்த்து நெஞ்சு அடைத்துப்போனது. மீட்டர்படி 600 கிலோமீட்டருக்கு 66 லிட்டர், நூறுக்குப் பதினொன்று. முன்பு ஒன்பதுதான். திருத்திப் போட்டால் நூறுக்கு 10.3. ஆக, உண்மையான நஷ்டம் லிட்டர் ஒன்றேகால்; மீதி, மீட்டரின் பொய். பெரிய டயர் போட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, டீசல் குடிக்கிறது என்று ஒரு கட்சியும், ஒரு வித்தியாசமும் இல்லை என்று ஒரு கட்சியும் சண்டை போடுவதில் பாதி, இந்தத் திருத்தத்தைப் போடாமல் வருவது. இன்னொரு பாதி மனைவிக்குச் சொல்லும் கணக்கு.

வேகமானியின் கதை இன்னும் நுணுக்கம். கம்பெனியிலிருந்து வரும்போதே எல்லா வண்டியின் முள்ளும் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். ஐ.நா. வாகன ஒழுங்குவிதி ஒன்று இருக்கிறது, அதன்படி முள் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது, மேலே காட்டலாம். என் வண்டியில் முள் 120ல் நிற்கும்போது ஜிபிஎஸ் 115 என்றது. டயர் மாற்றியபின் அதே 120க்கு 123 என்றது. இந்த நாட்டு நெடுஞ்சாலையில் உச்ச வரம்பு 120. முன்பு முள்ளைப் பார்த்து ஓட்டினால் ஐந்து கிலோமீட்டர் கைவசம் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தை டயர் தின்றுவிட்டு மேலும் மூன்று கடன் வைத்தது. இதற்கும் பக்கி என்றுதான் பெயர்.

என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் (Town Hill) என்ற ஏற்றம். ஒரு சனிக்கிழமை, மாமாவின் தம்பி முறை ஒருவருக்காகப் பின்னால் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு போனேன். கியர்பாக்ஸ் ஆறுக்குப் போகும், மூச்சு வாங்கும், ஐந்துக்கு இறங்கும், மறுபடி ஆறு. ஏற்றம் முழுக்க இதே தவிப்பு. சக்கரம் 7 சதவீதம் பெரிதானால், ஒவ்வொரு கியரும் அதே அளவு உயர்ந்துவிட்டதாகத்தான் அர்த்தம். எஞ்சினின் பலம் அப்படியேதான் இருக்கிறது, தரையைத் தள்ளும்போது கிடைப்பது குறைகிறது. சைக்கிளில் பின்னால் சின்னப் பல்சக்கரம் போட்டு மேடு மிதிப்பது மாதிரி. இறங்கும்போதும் அப்படியே, எஞ்சின் பிடித்து நிறுத்துவது குறைந்து பிரேக் மிதிப்பது கூடுகிறது.

ஆனால் நான் மனம் மாறியது டவுன் ஹில்லில் இல்லை. டோங்காட் பக்கம் ஒரு கரும்புக்காட்டுப் பாதையில்.

அந்த முட்டைக்கோஸ்காரருக்கு அங்கே கொஞ்சம் காய்கறி நிலம் உண்டு, சுற்றிலும் கரும்பு. இரண்டு நாள் மழைக்குப் பிறகு அவரைப் பார்க்கப் போனேன். உள்ளுக்குள் ஆசைதான், சேற்றில் இறக்கிப் பார்க்க வேண்டும் என்று. சிவப்புக் களிமண். மேலே நாலு விரற்கடை ஆழத்துக்குக் கூழ், அடியில் டிராக்டர் மிதித்து இறுகிய தரை. என் அகலமான டயர் கூழின் மேல் மிதந்தது. பட்டன் இடைவெளியெல்லாம் களிமண் அப்பி, நாலு சக்கரமும் வழவழவென்று நாலு உருளையாகிவிட்டன. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டேன், நான்கும் சேர்ந்து வழுக்கின. வண்டி நிதானமாக, மரியாதையாக, பக்கவாட்டில் நகர்ந்து கரும்புக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

அப்போது எதிரே வந்தது பண்ணையின் பழைய ஹைலக்ஸ். கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம். சக்கரத்தில் 205ஆர்16, குச்சி மாதிரி டயர். பின்னால் எட்டு ஆள், அரிவாள்கள், ஒரு தண்ணீர் டிரம். அந்த ஒல்லி டயர் கூழை வெட்டிக்கொண்டு அடியிலிருக்கும் கெட்டித் தரையைப் போய்த் தொட்டது, தொட்டுப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தது. ஓட்டியவர் ஜூலுக்காரர், என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. கயிற்றை மாட்டினார், இழுத்தார், கழற்றினார், போய்விட்டார். சிரித்திருந்தால் தேவலை.

மணல் என்றால் கதை வேறு, அங்கே அடியில் பிடிமானத் தரை கிடையாது, அகலமும் மிதப்பும்தான் வேண்டும். அதற்குக்கூட டயரை மாற்றுவதைவிடக் காற்றை இறக்குவதுதான் பெரிய வைத்தியம். தார் ரோட்டில் காற்றழுத்தம் 2.2 பார், ஊர்க்கணக்கில் 32 பவுண்டு. மணலில் ஒரு பாருக்கு இறக்கினால் தரையில் படியும் இடம் நீளவாக்கில் விரிகிறது, டிராக்டரின் செயின் பட்டை மாதிரி. காசு செலவில்லாத வேலை. திரும்பி ஏற்ற ஒரு கம்ப்ரசர் இருந்தால் போதும். இந்த வித்தையை முதலில் கற்றுக்கொண்டிருந்தால் டயர் கடைப் பக்கமே போயிருக்க மாட்டேன். (போயிருப்பேன். பக்கத்துத் தெருக்காரர் அங்கேயேதானே இருந்தார்.)

கடைசி அடி ஸ்டெப்னியிடமிருந்து. நான்கு டயரின் விலையைக் கொடுத்தபின் ஐந்தாவதற்குக் கை வரவில்லை, பழைய 265/65 ஒன்றையே வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருந்தேன். சானி பாஸ் போகலாம் என்று நண்பர்கள் இரண்டு வண்டியில் கிளம்பினோம். டிராக்கென்ஸ்பெர்க் மலையில் கொண்டை ஊசி கொண்டை ஊசியாக ஏறி, 2,800 மீட்டருக்கு மேலே லெசோத்தோவுக்குள் போய் முடியும் கற்பாதை. தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடிக்கு மேலே நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. அண்டர்பெர்க் தாண்டி ஒரு பண்ணைச் சாலையில் தேவையில்லாமல் நுழைந்து, பின் டயரில் கூரான கல் ஒன்று பக்கச்சுவரைக் கிழித்தது.

ஸ்டெப்னியை மாட்டிப் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. சாய்வு பெரிதில்லை. ஆனால் பின் அச்சில் ஒரு சக்கரம் 410 சுற்று, இன்னொன்று 383. இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வண்டியில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்ளும், நடுவில் விட்டுக்கொடுக்க ஒன்றும் கிடையாது. சக்கரங்களின் அளவு பொருந்தாவிட்டால் முறுக்கு ஏறி ஏறி எங்கேயாவது ஒன்று உடையும். ஆக, சானி பாஸுக்கு என்று ஆசைப்பட்டு வாங்கிய டயரால் சானி பாஸ் போக முடியவில்லை. இன்னொரு வண்டியில் இருந்தவர்கள் மேலே போய் வந்து புகைப்படம் காட்டினார்கள். நான் கீழே ஹிமெவில் ஊரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏங் கண்ணு, லாரிக்குப் பின்னாடி ஜோடி டயரு ஒண்ணுக்கொண்ணு ஒசரம் மாறிப் போட்டா என்னாகும்னு உனக்குத் தெரியாதா? பெருசு பாரத்தத் தாங்கித் தாங்கி வெடிக்கும், சிறுசு சும்மா தேயும். பத்து வயசுல நீதானே பட்டறைல நூலப் புடிச்சு அளப்ப?” நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “வண்டி செஞ்சவன் அளவு தெரியாமயா போட்டிருப்பான்?” என்றார். மறுநாள் இதை மாமாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். வண்டி செய்தவர்களில் ஒருவர் அவர்தானே. மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். என் அப்பாவின் நம்பரை வாங்கிக்கொண்டார். இப்போது இருவரும் மாதம் ஒருமுறை பேசிக்கொள்கிறார்கள், பொது மொழி இல்லாமலே.

பெரிதாக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இப்போது என் வண்டியில் இருப்பது கம்பெனி ரிம்மில் 265/70ஆர்17. அகலம் அதே. விட்டம் 803, அதாவது மூன்றரை சதவீதம்கூடப் பெரிதில்லை. உயரம் கூடியது 13 மில்லிமீட்டர். உரசல் இல்லை, கியர் தவிப்பு இல்லை, ஸ்டெப்னியும் அதே அளவு, இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் எழுதிச் சொல்லியாயிற்று. சரளைச் சாலையில் பக்கச்சுவர் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இடுப்புக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஒரு வேடிக்கை, முள் 120 என்றால் இப்போது ஜிபிஎஸ் 119 என்கிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அது உண்மை பேசுவது இப்போதுதான். பக்கத்துத் தெருக்காரர் நான் டயர் மாற்றியதைக் கவனிக்கவே இல்லை. போன மாதம் நிறுத்தி, “உன் பக்கிக்கு நல்ல டக்கீஸ் போடலாமே” என்றார்.

மிச்சமிருந்த மூன்று பெரிய டயரையும் ரிம்களையும் விற்க விளம்பரம் போட்டேன். டர்பனிலேயே இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸிலிருந்து ஒரு பையன் வந்தான், இருபத்திரண்டு வயது இருக்கும். நாலாவதை வேறெங்கோ வாங்கிக்கொள்வானாம். நான் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன்: சுற்றுக் கணக்கு, மீட்டரைத் திருத்தும் பெருக்கல், முள் 120 காட்டினால் உண்மையில் எவ்வளவு, ஸ்டெப்னி ஏன் ஒரே அளவாக இருக்க வேண்டும். அவன் மரியாதையாக வாங்கி, படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கண் முழுக்க டயர் மேல்தான் இருந்தது. உள்ளங்கையால் பட்டனைத் தடவிக்கொண்டே கேட்டான்.

“அங்கிள், உரசுமா?”

மாமா வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் உரசும்” என்றேன்.